மருந்துச் சோதனையும் அதன் எல்லையும்

நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய மருந்தையும் இறக்கியுள்ளான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அம்மருந்தைத் தேடிக் காண்பது மனிதனின் பொறுப்பு. எனினும், கண்டெடுத்த பொருள் மருந்தா, நஞ்சா என்று அறிவது எவ்வாறு? விலங்குகளிடம் சோதித்துப் பார்ப்பது ஒரு வழி. அவ்வழியைக் கையாண்டோரும், அதன் எல்லையை வரையறுத்தோரும் இஸ்லாமிய உலகின் மருத்துவர்களிடையே இருந்தனர்.

ரய் நகரத்து மருத்துவமேதை அபூபக்ர் அர்-ராஸீ (865–925) பாதரசத்தின் இயல்பை அறியக் குரங்கு ஒன்றுக்கு அதைப் புகட்டினார். அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேதனையுற்றதைக் கவனித்தார். நீர்மமாக உள்ள பாதரசம் கடும் வயிற்றுவலியை உண்டாக்கி வெளியேறிவிடும் என்றும், பதங்கமாக்கிய பாதரசமோ கொடிய நஞ்சு என்றும் வேறுபடுத்திக் காட்டினார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியா (செவில்) நகரில் வாழ்ந்த இப்னு ஸுஹ்ர் எதிர்கொண்ட வினா வேறு. மூச்சடைப்பால் சாகும் நிலையிலுள்ளவரின் மூச்சுக்குழலை அறுத்துத் திறக்கலாமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு நிலவியது. அவர் ஓர் ஆட்டின் மூச்சுக்குழலில் சிறு துளையிட்டு, தேன் கலந்த நீரால் புண்ணைக் கழுவிவந்தார். புண் ஆறியது, ஆடு நெடுநாள் உயிர்வாழ்ந்தது. துளையிட்ட மூச்சுக்குழல் மீண்டும் கூடும் என்பது அதனால் புலனாயிற்று.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தவரான இப்னு ஸீனா (980–1037), தமது ‘அல்-கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளை வகுத்துள்ளார். சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சிங்கத்திடமோ குதிரையிடமோ ஒரு மருந்து காட்டும் விளைவை மனிதனிடமும் காட்டும் என்று துணிய இயலாது என்பதே அவர் கூறும் காரணம். புண் ஆறுவது போன்றவற்றில் ஆடும் மனிதனும் ஒத்திருக்கலாம்; மருந்தின் செயலில் அவ்வொற்றுமையை முன்கூட்டியே நம்பிவிட முடியாது.

இவ்வெச்சரிக்கையின் ஆழத்தை 2006 மார்ச்சில் லண்டனில் நிகழ்ந்த சோதனை உணர்த்தியது. டிஜிஎன்1412 என்னும் புதிய மருந்து ஆரோக்கியமான ஆறு ஆண்களுக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகளுக்குத் தீங்கிழைக்காத அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே அவர்களுக்குத் தரப்பட்டது. ஆயினும் சில மணி நேரத்தில் அறுவருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர். அம்மருந்து பற்றிக்கொள்ளும் புரதம் மனிதனின் ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்களில் உண்டு. சோதனைக்குள்ளான குரங்கினத்தின் அதே வகை அணுக்களில் அது இல்லை என்று பின்னர் தெரியவந்தது. புதிய மருந்தை முதன்முதலாக மனிதருக்குத் தரும்போது மிகக் குறைந்த அளவில் தொடங்குவதும், ஒருவருக்குத் தந்து கவனித்த பின்னரே அடுத்தவருக்குத் தருவதும் 2007இல் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளில் வலியுறுத்தப்பட்டன.

ஒரு பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகடித்த பெண் தண்டனைக்குள்ளானாள் என்று எச்சரிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆகவே விலங்குச் சோதனையில் இரு அமானிதங்கள் அடங்கியுள்ளன: வாயில்லா உயிருக்குத் தேவையற்ற வேதனை தராதிருத்தல் ஒன்று, அது அளித்த சான்றை அதன் எல்லைக்கு அப்பால் நீட்டி மனித உயிரைப் பணயம் வைக்காதிருத்தல் மற்றொன்று. விடை தராத சோதனையில் விலங்கின் வேதனையும் வீண். அதை நம்பிய மனிதனுக்கும் ஆபத்து.