அம்மாவுக்குப் புற்றுநோய்: நாம் என்ன செய்யலாம்?

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்குக் குணமாகும். ஆனால் நம் நாட்டில் நிறையப் பேர் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அப்போது டாக்டர் சொல்கிறார்: "இனி நோயைக் குணப்படுத்த முடியாது. வீட்டுக்கு அழைத்துப் போங்கள்."

அம்மா வீட்டுக்கு வருகிறார். மகன் கூலி வேலைக்குப் போக வேண்டும். மருமகள் பீடி சுற்ற வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அம்மாவைப் பார்ப்பதா? அடுப்பைப் பார்ப்பதா?

இந்தக் கஷ்டம் எந்த வீட்டுக்கும் வரலாம். அப்போது என்ன செய்வது?

வலியைக் குறைக்க முடியும்

குணப்படுத்த முடியாது என்றால், ஒன்றுமே செய்ய முடியாது என்று பொருள் இல்லை. வலி, வாந்தி, மூச்சுத் திணறல், புண்ணில் வரும் நாற்றம் ஆகியவற்றைக் குறைக்க மருந்து உண்டு. இதற்கு வலி தணிப்புச் சிகிச்சை என்று பெயர். ஆஸ்பத்திரியில் 'பாலியேட்டிவ் கேர்' என்பார்கள். இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

மும்பையில் 1986-இல் 'சாந்தி அவேத்னா சதன்' தொடங்கியது. முற்றிய புற்றுநோய் உள்ளவர்களைக் கவனிக்க நம் நாட்டில் ஏற்பட்ட முதல் இல்லம் அதுதான். கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் சில டாக்டர்கள் சேர்ந்து இந்தச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். பிறகு ஊர் மக்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். கேரள அரசு 2008-இல் இதற்கு ஒரு கொள்கையை அறிவித்தது. இன்று அங்கே பஞ்சாயத்து ஏற்பாட்டில் நர்ஸ் வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கிறார்.

மார்பின் மாத்திரைக்குப் பயம் வேண்டாம்

கடுமையான வலிக்கு மார்பின் மாத்திரை கொடுப்பார்கள். "அது போதை மருந்து ஆயிற்றே, பழக்கமாகிவிடாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள். வலி உள்ளவருக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை.

முன்பு இந்த மாத்திரை கிடைப்பது மிகவும் கடினம். 1985-இல் வந்த போதைப் பொருள் சட்டம் அவ்வளவு கடுமையாக இருந்தது. நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்று 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஒரு நோட்டு போதும்

நமக்கு இப்போது எழுதப் படிக்கத் தெரியும். அது இங்கே உதவும். ஒரு நோட்டு வாங்குங்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று எழுதுங்கள். வலி எவ்வளவு என்று அம்மாவிடம் கேளுங்கள். வலியே இல்லை என்றால் 0. தாங்கவே முடியாத வலி என்றால் 10. அந்த எண்ணையும் எழுதுங்கள். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் வந்து நோட்டைப் பார்த்தால் எல்லாம் தெரியும். டாக்டருக்கும் அதைக் காட்டலாம்.

வேலையைப் பங்கு போடுங்கள்

மருமகள் ஒருத்தி தலையிலோ மகள் ஒருத்தி தலையிலோ எல்லாவற்றையும் கட்டக் கூடாது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். இரவில் கண் விழிப்பது யார்? மருந்து வாங்குவது யார்? பணம் தருவது யார்? தூரத்தில் இருப்பவர் பணம் தரலாம். வந்து நான்கு நாள் தங்கவும் செய்யலாம்.

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். கஞ்சி, மோர் என்று கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

செலவுக்கு வழி

ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-இல் வந்தது. அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். மகனுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அவர் ஆதரவில் உள்ள தாய் தந்தையும் அங்கே வைத்தியம் பார்க்கலாம். சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் சலுகை. இதற்கு ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்க வேண்டும்.

"எப்பேர்ப்பட்ட புற்றுநோயையும் ஒரு மாதத்தில் விரட்டுவேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அதற்காக நிலத்தை விற்காதீர்கள். நாளை பிள்ளைகளின் படிப்புக்கு அது வேண்டும்.

மறைக்கலாமா?

அம்மாவுக்கு நோய் என்ன என்று சொல்லாமல் மறைக்கிறோம். ஆனால் அவர் உடம்பு அவருக்குத் தெரியாதா? "அம்மா, உன் மனசில என்ன இருக்கு? என்ன கேக்கணுமோ கேளு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பேத்தியைப் பார்க்க ஆசை இருக்கலாம். யாருக்கோ தர வேண்டிய கடன் நினைவில் இருக்கலாம். அவர் தெரிந்துகொள்ள விரும்பும் அளவுக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

கவனிப்பவருக்கும் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், நலம் விசாரிப்பதோடு திரும்பி வராதீர்கள். இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் இருங்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டுப் பெண் கொஞ்சம் கண் அயரட்டும்.