தண்ணீரில் மிதந்த தண்டவாளம்

எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில் காவிரி ஏரிபோல அகன்று கிடக்கிறது. அக்கரையில் ஈரோடு மாவட்டத்து நெருஞ்சிப்பேட்டை. இரண்டு கரைகளுக்கும் நடுவே ஓடும் விசைப்படகில் ஆட்களோடு பைக்குகளும் ஏறும். படகில் சுமை ஏற்றத் தெரிந்தவர் எவரும் வண்டிகளை ஒரே ஓரமாக அடுக்க விடமாட்டார். இந்தப் பக்கம் ஒன்று நின்றால், அந்தப் பக்கம் ஒன்று நிற்க வேண்டும். இப்போது பைக்கை எடுத்துவிட்டு அங்கே ஒரு ரயில் வேகனை வைத்துப் பாருங்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ஓமலூர் வழியாக நிலக்கரி கொண்டுபோகிறதே, அந்த வேகன்தான். காலியாக 22 டன்னுக்கு மேல். நிரம்பினால் 81 டன். அப்படிப்பட்ட இருபது, முப்பது வேகன்களை வரிசையாக ஏற்றிக்கொண்டு ஆற்றையும் கடலையும் கடந்த கலங்கள் உலகெங்கும் இருந்தன. நம் நாட்டிலும் இருந்தன.

அவற்றை ரயில் படகு என்று அழைப்போம். தளத்தில் தண்டவாளம் பதித்து, வேகன்களைச் சக்கரத்தோடு அப்படியே உருட்டி ஏற்றிக்கொள்ளும் கலம் என்று பொருள். அகன்ற ஆற்றில் பாலம் கட்டப் பல ஆண்டுகள் ஆகும், பெரும் பணம் வேண்டும். அதுவரை என்ன செய்வது? ஒவ்வொரு மூட்டையையும் இக்கரையில் இறக்கி, படகில் ஏற்றி, அக்கரையில் மறுபடி வேகனில் ஏற்றுவதென்றால் நாளும் போகும், கூலியும் போகும், சரக்கும் சேதமாகும். வேகனையே கடத்திவிட்டால் மூட்டையைத் தொடவே வேண்டாம். இன்று துறைமுகங்களில் நாம் பார்க்கும் கன்டெய்னரின் தத்துவம் இதுதான். ரயில்காரர்கள் அதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

கடற்கழியில் இதை முறையாக நடத்திக் காட்டியது ஸ்காட்லாந்து. 1850 பிப்ரவரியில் கிரான்டனுக்கும் பர்ன்டைலண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீர்ப்பரப்பில், லெவியாதன் என்ற நீராவிக் கலம் ஓடத் தொடங்கியது. கப்பலில் தண்டவாளம் பதிப்பது எளிது. கரையின் தண்டவாளத்தை அதோடு பொருத்துவதுதான் கடினம். கடல் ஏறும், இறங்கும், கரை அசையாது. முப்பது வயதுகூட நிரம்பாத தாமஸ் பவுச் என்ற பொறியாளர் இதற்கொரு வழி கண்டார். கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் சரிவு ஒன்றை அமைத்தார். அதன்மேல் சக்கரம் பூட்டிய ஒரு மேடையை வைத்தார். நீர் ஏறினால் மேடையை மேலே இழுத்துக்கொள்ளலாம், இறங்கினால் கீழே விடலாம். மேடைக்கும் கப்பலுக்கும் நடுவே, தூக்கி இறக்கக்கூடிய உத்தரங்கள். 1890-ல் அந்தக் கழியின் குறுக்கே ஃபோர்த் பாலம் திறக்கும்வரை அந்த ஏற்பாடு வேகன்களைக் கடத்தியது.

பின்னர் வந்த துறைகளில் இதே வேலையைக் கீல் பாலம் செய்தது. கரைப்பக்க முனை கதவுபோலக் கீலில் ஆடும், மறுமுனை கப்பலில் அமரும். இங்கேதான் கணக்கு பயமுறுத்துகிறது. கரைக்கும் கப்பல் தளத்துக்கும் 2 மீட்டர் உயர வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற கடுமையான சரிவில் இறங்கினால்கூட பாலம் 40 மீட்டர் நீளம் வேண்டும். நீலகிரி மலை ரயில் பல்தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் சரிவே சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர்தான். சாதாரண வேகனுக்கு அந்தப் பல் கிடையாது.

உயர வித்தியாசமும் நிலையாக இருப்பதில்லை. 100 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமும் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1 சென்டிமீட்டர் அமிழ வேண்டுமானால் சுமார் 17 டன் ஏற வேண்டும். நிரம்பிய ஒரு வேகன் ஏறினால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் அமிழும். முப்பது வேகன் ஏறினால் ஆளுயரத்தை நெருங்கும். அதுவும் சீராக அமிழாது. வேகன் பின்வாசல் வழியே நுழையும்போது பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும். உள்ளே உருள உருளச் சமமாகும். இத்தனை அசைவுக்கும் ஈடுகொடுத்து, இரண்டு தண்டவாள முனைகளும் சில மில்லிமீட்டர் பிசகாமல் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பிசகினால் சக்கரம் தடம் புரளும்.

அப்படியானால் இன்ஜின் எப்படி அந்தப் பாலத்தில் ஏறும்? ஏறாது. வேகனைவிட மிகக் கனமான இன்ஜினைக் கீல் பாலத்தில் ஏற்றினால் கப்பல் முனையே அமுங்கிவிடும். அதனால் இன்ஜினுக்கும் சரக்கு வேகன்களுக்கும் நடுவே சில காலித் தட்டை வேகன்களைக் கோத்தார்கள். ஷன்ட்டிங் இன்ஜின் திடமான தரையிலேயே நின்றுகொள்ளும். காலி வேகன்கள் நீண்ட கைபோலப் பாலத்தைத் தாண்டி, சரக்கு வேகனைக் கப்பலின் கடைசி முனைவரை தள்ளிவிட்டுத் திரும்பும். புதிய இயந்திரம் ஏதுமில்லை. இருக்கிற வேகன்களின் வரிசையை மாற்றியதிலேயே வேலை முடிந்தது.

அடுத்தது பூலாம்பட்டிப் படகின் அதே சிக்கல். கப்பல் தளத்தில் நான்கு வரிசைத் தண்டவாளம். ஓரத்து வரிசையில் ஆறு வேகன் நின்றால் கிட்டத்தட்ட 486 டன். அதை ஒரே பக்கம் நிரப்பினால் கப்பல் ஒருச்சாய்ந்து, கீல் பாலத்தை முறுக்கிவிடும். இதற்கு ஓர் அழகான விடை உண்டு. இடது ஓரத்தில் பாதியை மட்டும் ஏற்று: 243 டன் இடப்பக்கம் கூடுதல். பிறகு வலது ஓரத்தை முழுவதும் ஏற்று: இப்போது 243 டன் வலப்பக்கம் கூடுதல். கடைசியில் இடது ஓரத்தின் மீதிப் பாதி: கணக்கு நேர். அரை, முழு, அரை. எந்த நேரத்திலும் ஒரு பக்கக் கூடுதல் பாதி வரிசையைத் தாண்டாது. மிச்சமிருக்கும் சாய்வை, கப்பலின் இருபுறத் தொட்டிகளில் நீரை ஏற்றியும் இறைத்தும் சரிக்கட்டுவார்கள். இறக்கும்போது இதே வரிசையைத் தலைகீழாக நடத்த வேண்டும்.

ஏற்றியாயிற்று. இனி வேகன் ஓடாமலிருக்க வேண்டும். சக்கரம் இருப்பதே உருளத்தான். கப்பல் அசைவதோ எல்லாத் திசையிலும். பிரேக் மட்டும் போதாது. வேகனின் உடல் வில்சுருள்மேல் உட்கார்ந்திருக்கிறது. அலையில் அது தானாக ஆடத் தொடங்கினால் எந்தச் சங்கிலியும் நாளடைவில் தளரும். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக் கப்பல்களில் இதற்கொரு பழக்கம் இருந்தது. வேகனின் மூலைகளில் திருகு ஜாக்கி வைத்து உடலைச் சற்றே தூக்கி, வில்லிலிருந்து பாரத்தை எடுத்துவிடுவார்கள். பிறகு சங்கிலியால் தளத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். ஆடுவதற்கு வில் இல்லாததால் வேகன் கப்பலின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும்.

ரயில் படகின் உண்மையான எதிரி வேறு. வேகன் நுழையப் பின்பக்கம் அகலத் திறந்திருக்க வேண்டும். உள்ளே தடுப்புச் சுவரில்லாத நீண்ட தளம் வேண்டும். அந்தத் தளத்தில் கணுக்கால் அளவு நீர் புகுந்தாலும் ஆபத்து. கப்பல் கொஞ்சம் சாய்ந்தால் நீர் முழுவதும் தாழ்ந்த பக்கம் ஓடும். அது சாய்வைக் கூட்டும். இன்னும் நீர் ஓடும். இதைத் தளம்பல் விளைவு எனலாம். 1929 அக்டோபர் 22-ல் மில்வாக்கி என்ற ரயில் படகு மிச்சிகன் ஏரிப் புயலில் ஆட்களோடு மூழ்கியது. பின்பக்கத் தடுப்பு வளைந்து வெள்ளம் புகுவதாகக் கப்பல் கணக்கர் எழுதிய குறிப்பு பின்னர் கிடைத்தது. 1954 செப்டம்பர் 26-ல் ஜப்பானின் தோயா மாரு என்ற ரயில் படகு சூறாவளியில் கவிழ்ந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் நீர் புகுந்தது வேகன் தளத்தின் வழியேதான். அந்தத் துயரம் கடலுக்கடியில் சுரங்கம் தோண்ட வேண்டும் என்ற முடிவை உறுதியாக்கியது. 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கம் 1988 மார்ச் 13-ல் திறந்தது.

நம் நாட்டில் ரயில் படகின் பெரிய களம் பிரம்மபுத்திரா. குவாஹாட்டி அருகே வடகரையில் அமீன்காவ், தென்கரையில் பாண்டு. இரண்டுக்கும் நடுவே மீட்டர் கேஜ் வேகன்கள் படகில் கடந்தன. இரண்டாம் உலகப் போரில் பர்மா, சீனப் போர்முனைகளுக்குப் போன தளவாடங்களில் கணிசமான பகுதி இந்தக் குறுகிய வாசல் வழியேதான் போயிற்று. 1944 மார்ச்சில் அந்தப் பாதையின் முக்கியப் பகுதிகளை இயக்க அமெரிக்க ராணுவத்தின் ரயில் பிரிவே வந்தது. மழைக்காலத்தில் ஆறு பல மீட்டர் உயரும், கரையை அரிக்கும், மணலை வேறிடத்தில் கொட்டும். ஆறு நகர்ந்தால் தண்டவாளத்தைப் பெயர்த்துப் புதுக்கரைக்குக் கொண்டுபோய்ப் பதிப்பது இத்தகைய படித்துறைகளின் வழக்கமான வேலை. 1962-ல் சராய்காட் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியதும் பாண்டுப் படகின் காலம் முடிந்தது.

எல்லா நீர்வழியிலும் வேகன் ஏறிவிட முடியாது என்பதற்கு நம் தனுஷ்கோடியே சாட்சி. 1914 முதல் போட் மெயில் என்ற ரயிலில் வந்த பயணிகள் அங்கே இறங்கி, கப்பலேறி, இலங்கையின் தலைமன்னாரில் வேறு ரயிலைப் பிடித்தார்கள். காரணம் கடல் மட்டுமல்ல. இந்தியப் பக்கம் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ். இலங்கையில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. வேகனைக் கடத்தினாலும் அக்கரைத் தண்டவாளத்தில் அது நிற்காது. கங்கைக்கரை மொகாமா படித்துறையிலும் இதே தலைவலி. அங்கே அகலப்பாதைக்கும் மீட்டர் கேஜுக்கும் இடையே சரக்கை ஆட்களைக்கொண்டு மாற்றும் ஒப்பந்தத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர், பின்னாளில் வேட்டைக் கதைகளால் உலகப்புகழ் பெற்ற ஜிம் கார்பெட்.

லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல்லுக்கு, வண்டியைச் சரக்கோடு கடத்தும் இந்த யோசனையின் மறுபக்கம் நன்றாகத் தெரிந்திருக்கும். கொங்கண் ரயில்வே 1999 முதல் ரோரோ ரயில்களை ஓட்டுகிறது. சரக்கோடு லாரி தட்டை வேகனில் ஏறும், ஓட்டுநரும் கூடவே வருவார், மலைப்பாதை முழுவதையும் ரயில் கடக்கும். முன்பு ரயிலைப் படகு சுமந்தது. இப்போது லாரியை ரயில் சுமக்கிறது. ஏற்றும் சரிவு, சமநிலை, சங்கிலிக் கட்டு என்ற மூன்று பாடங்களும் மாறவில்லை.

இந்தப் பாடங்களை மேசைமேல் வைத்துப் படிக்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. மாதிரி ரயில் கட்டுவோர் உலகெங்கும் அதிகம் பயன்படுத்தும் அளவு 87-ல் ஒரு பங்கு. நீளம் 87 மடங்கு குறைந்தால் எடை 87 மடங்கு மட்டும் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 87-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும்: 6,58,503 மடங்கு. 10.7 மீட்டர் நிலக்கரி வேகன் 12.3 சென்டிமீட்டராகும். காலியாக 34 கிராம். நிரம்பிய 81 டன்னுக்கு 123 கிராம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம், இந்த அளவு வேகன்கள் தடம் புரளாமல் ஓட ஓர் எடையைப் பரிந்துரைக்கிறது: அடிப்படை 28 கிராம், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மேலும் 14 கிராம். நம் வேகனுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 96 கிராம் வருகிறது. ஏறத்தாழ இரண்டு நாமக்கல் முட்டையின் எடை. மேசைமேல் நன்றாக ஓடட்டும் என்று வகுத்த விதி, அசல் வேகனின் காலி எடைக்கும் முழு எடைக்கும் நடுவிலேயே வந்து நிற்கிறது.

தண்ணீர் இதைவிட நேர்மையானது. மிதக்க வைக்கும் விசையும் எடையைப் போலவே 87-இன் மும்மடி அளவில் குறைகிறது. ஆகவே உருவம், எடை, எடை அமர்ந்திருக்கும் உயரம் மூன்றையும் சரியாகச் சுருக்கினால், அசல் கப்பல் எத்தனை பாகை சாயுமோ அத்தனை பாகைதான் மாதிரியும் சாயும். மாறுவது நேரம் மட்டுமே. 1870-களில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்து ஆராய்ந்த வில்லியம் ஃபுரூட் வகுத்த விதிப்படி, நேரம் 87-இன் வர்க்கமூல அளவில், அதாவது சுமார் 9.3 மடங்கு சுருங்கும். அசல் கப்பல் ஒரு முறை ஆடி எழ 9 விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால், மாதிரி ஒரே விநாடியில் ஆடிவிடும். செல்போனில் படம்பிடித்து வேகத்தை அந்த அளவுக்குக் குறைத்துப் பார்த்தால், கண்ணெதிரே ஆடுவது பிரம்மபுத்திராப் படகு. அதற்கான தண்டவாளமும் கடைச்சரக்குதான். மீட்டர் கேஜை 87-ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் மாதிரித் தண்டவாளம் விற்பனையில் இருக்கிறது.

சேலம், நாமக்கல் பகுதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் பள்ளி அறிவியல் மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு ஒரு ரயில் படகைக் கட்டுங்கள். ஒரு நீர்த்தொட்டி, அடிப்பகுதி தட்டையான ஒரு படகு, ஒரு கீல் பாலம், எடை கூட்டிய சில வேகன்கள் போதும். முதலில் ஒரே பக்கமாக ஏற்றிக் காட்டுங்கள். பிறகு அரை, முழு, அரை என்று ஏற்றிக் காட்டுங்கள். சமநிலை, மிதப்பு, சாய்வு, அளவுமாற்றம் ஆகிய நான்கு பாடங்களையும் பிள்ளைகள் ஒரே மேசையில் கற்றுக்கொள்வார்கள். பாலங்கள் வந்ததால் நாம் மறந்துவிட்ட ஓர் அரிய பொறியியல் கலையும் நினைவில் நிற்கும்.