ஏசி கேஸ் எங்கே போகிறது?

கத்திரி வெயில் வந்தால் கார் ஏசி மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது: “போன வருஷம்தான் கேஸ் அடிச்சேன். இப்பவும் கூலிங் பத்தல.” மறுபடி கேஸ் அடித்துக்கொண்டு போவார்கள். அடுத்த கோடையில் அதே கடை, அதே புகார்.

பெட்ரோல் மாதிரி ஏசி கேஸும் ஓட ஓடத் தீர்ந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். தீராது. கம்ப்ரஸர், கண்டென்சர், எவாப்பரேட்டர் என மூடிய பாதைக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றுவதுதான் அதன் வேலை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ வெளியேறியிருக்கிறது. பல வண்டிகளில் அந்த இடம் ரப்பர் ஹோஸ்.

வீட்டு ஏசியில் செம்புக் குழாயே போதுமே, காருக்கு மட்டும் ஏன் ரப்பர்? காரின் கம்ப்ரஸர் இன்ஜினோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கிறது. இன்ஜின் எப்போதும் அதிர்கிறது. கண்டென்சரோ ரேடியேட்டருக்கு முன்னால் பாடியோடு அசையாமல் நிற்கிறது. இரண்டையும் உலோகக் குழாயால் மட்டும் இணைத்தால் அதிர்விலேயே விரிசல் விடும். ஆக, வளைந்துகொடுக்க ஹோஸ் வேண்டும். அந்த ஹோஸ்தான் இன்ஜின் சூட்டில் வெந்து முதலில் தளரவும் செய்கிறது.

ஹோஸுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் கார்களில் ஆர்-12 வாயு போய் ஆர்-134ஏ வந்தது. புதியதன் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பரின் ஊடாகவே கசிந்தது. அதனால் உள்ளே நைலான் அடுக்கு வைத்த ‘பேரியர் ஹோஸ்’ வந்தது. அதிலும் ஆண்டுக்குச் சில கிராம் கசியத்தான் செய்யும். ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டியில் கேஸ் கொஞ்சம் குறைந்தால் பதறத் தேவையில்லை. ஒரே கோடையில் காலியானால் லீக்தான்.

கண்டுபிடிக்க நீங்களே தொடங்கலாம். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, டார்ச் அடித்து ஹோஸின் இரு முனைகளையும் பாருங்கள். ரப்பரை அலுமினிய வளையம் கவ்விப் பிடிக்கும் இடத்தில் கருப்பாகப் பிசுக்குத் தெரிகிறதா? கேஸ் வெளியேறும்போது கம்ப்ரஸர் ஆயிலையும் இழுத்து வருகிறது. அதில் தூசி ஒட்டிய கறை அது. சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அதற்கும் சிக்காத நுண்ணிய லீக்குக்கு நைட்ரஜன் ஏற்றிப் பார்க்க வேண்டும், அல்லது புறஊதா ஒளியில் மின்னும் சாயம் செலுத்த வேண்டும். (ஏசி ஓடும்போது காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் லீக் இல்லை, காற்றின் ஈரம்.) இணைப்பைக் கழற்ற மட்டும் முயலாதீர்கள். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது; தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

“வேக்குவம் போட்டேன், நிக்குது. லீக் இல்ல” என்று சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். வேக்குவத்தில் வெளிக்காற்று சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஹோஸை உள்நோக்கி அமுக்குகிறது. கோடையில் ஏசி ஓடும்போது உள்ளிருந்து 200, 250 பிஎஸ்ஐ வெளியே தள்ளுகிறது. அமுக்கினால் மூடிக்கொள்ளும் விரிசல், தள்ளினால் திறக்கும். வேக்குவத்தின் உண்மையான பயன், குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கி எடுப்பது. ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகி அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும்.

லீக்கான ஹோஸில் எம்-சீல் பூசுவது, டேப் சுற்றுவது, கிளிப் போட்டு இறுக்குவது எல்லாம் வீண். லீக்கை அடைப்பதாக விற்கும் திரவங்கள் வால்வையும் சேர்த்து அடைத்துவிடலாம். ஹோஸை மாற்றுவதே வழி. கம்பெனி ஹோஸ் விலை அதிகம் என்றால், பழைய உலோக முனைகளை வைத்து புது பேரியர் ஹோஸை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கிரிம்ப் செய்யும் கடைகள் உண்டு. தண்ணீருக்கோ டீசலுக்கோ போடும் ஹோஸ் இங்கே ஆகாது. ஓ-ரிங்கும் புதிதாக இருக்கட்டும். கேஸை எடை போட்டு நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானட் அடியில் ஒட்டியிருக்கும்.

வெளியேறிய கேஸ் காற்றில் கலந்து சும்மா இருப்பதில்லை. ஆர்-134ஏ, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அரை கிலோ கசிந்தால் ஏறத்தாழ 700 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 300 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. இந்த வகை வாயுக்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021இல் ஏற்றது. படிப்படியான குறைப்பு 2032இல் தொடங்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கோடையில் கடைக்குப் போனால் “கேஸ் அடிங்க” என்பதற்கு முன் “எங்கே லீக், காட்டுங்க” என்று கேளுங்கள். காட்டாமல் கேஸ் மட்டும் அடித்துத் தருகிறேன் என்றால் வேறு கடை பாருங்கள்.