குண்டூசிக்கும் ஓர் இடம்

ஒரு குண்டூசி செய்ய எத்தனை வேலை? பித்தளைக் கம்பியை இழுத்து மெலிதாக்க வேண்டும். நிமிர்த்த வேண்டும். அளவு பார்த்து நறுக்கி, முனையைச் சாணை பிடிக்க வேண்டும். தலைக்கென்று வேறொரு கம்பியைச் சுருட்டி வெட்டிப் பொருத்த வேண்டும். பிறகு வெள்ளீயம் பூசி, கழுவி, உலர்த்தி, மெருகேற்றி, கடைசியில் காகிதத்தில் வரிசையாகக் குத்த வேண்டும். 1755இல் பாரிசில் அச்சான ஒரு கட்டுரை இப்படி 18 வேலைகளை எண்ணிச் சொல்கிறது. அது வந்தது ஒரு தொழிற்கையேட்டில் அல்ல. தத்துவமும் இறையியலும் கணிதமும் பேசிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் 5ஆம் தொகுதியில். 1776இல் ஆடம் ஸ்மித் பொருளாதாரம் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயத்திலும் அதே குண்டூசி, அதே 18 வேலை.

கலைக்களஞ்சியத்தை மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய இந்தக் குண்டூசி நல்ல வாசல். தொகுதி எத்தனை, வெளியான ஆண்டு எது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அது தேர்வுக்கான பாடமாகத் தங்கிவிடும். ஆனால் குண்டூசியைப் பார்த்த பிள்ளை உடனே கேட்கும்: “இதையெல்லாம் அவர்களுக்கு யார் சொன்னது?”

தொழிலாளிகள் சொன்னார்கள். பதிப்பாசிரியர் தெனி திதெரோ கத்தி செய்யும் தொழிலாளியின் மகன். அதுவரை ஆசானிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகவே போய்க்கொண்டிருந்த அறிவை அச்சில் ஏற்ற விரும்பியவர். அவரும் கூட்டாளிகளும் பட்டறைகளுக்குப் போய், வேலை செய்பவர்களிடம் கேட்டுக் குறித்தார்கள். காலுறை பின்னும் இயந்திரம் பற்றிய நீண்ட கட்டுரையைத் திதெரோவே எழுதினார். பல்சக்கரம், கொக்கி, ஊசி ஒவ்வொன்றையும் தனித்தனியே வரைந்து காட்டும் படங்கள் மட்டுமே 11 தொகுதிகள். எழுத்துக்கு 17 தொகுதிகள். 1751இல் தொடங்கி 1772 வரை நடந்த வேலை அது.

சும்மா நடக்கவில்லை. 1752இல் முதல் இரண்டு தொகுதிகளுக்கு அரசவை தடை போட்டது. கையெழுத்துப் படிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவு வந்தது. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய நூல் தணிக்கைத் தலைவர் மல்செர்ப், அந்தக் கட்டுகளைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். சோதனை போட வேண்டியவரின் வீட்டில் யார் போய்ச் சோதனை போடுவார்கள்? 1759இல் வெளியீட்டு உரிமையே ரத்தானது. கணித மேதை தலம்பேர் பதிப்புப் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார். திதெரோ விலகவில்லை. அவருக்குத் தோள்கொடுத்த லூயி தெ ஜோகூர், மொத்தமுள்ள ஏறத்தாழ 72,000 கட்டுரைகளில் சுமார் 17,000ஐத் தாமே எழுதினார். இன்று ஜோகூரின் பெயர் பலருக்குத் தெரியாது என்பது வருத்தமான விஷயம்.

தொகுத்து வைக்கும் ஆசை இதற்கு வெகுகாலம் முந்தியது. ரோமைச் சேர்ந்த பிளினி இயற்கை பற்றித் தாம் படித்ததையெல்லாம் 37 நூல்களாகத் தொகுத்தார். 1408இல் சீனத்தின் யோங்லே பேரரசருக்காக முடிந்த தொகுப்பு 11,095 கட்டுகள். எல்லாம் கையெழுத்து. மூலப்படி தொலைந்துபோனது. 16ஆம் நூற்றாண்டில் எடுத்த நகலிலும் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 400 கட்டுகள்தாம். பல படிகள் அச்சாகிப் பல வீடுகளில் இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது.

தொகுத்தால் மட்டும் போதுமா? தேடுபவர் கைக்கு அது அகப்பட வேண்டும். தமிழில் திவாகரம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று பொருள்வகையாகப் பிரித்து வைத்தன. மனப்பாடம் செய்பவருக்கு அது வசதி. புரட்டிப் பார்ப்பவருக்கு வேறு வழி வேண்டும். 1594இல் சிதம்பர இரேவண சித்தரின் அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. அந்த வரிசையில் பெரும் படைப்பொன்றைத் தனி ஒருவராகத் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். தமிழாசிரியரான அவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. புராணப் பாத்திரம் முதல் புலவர் வரலாறு வரை இன்றும் அதைப் புரட்டித்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் வேறு வகை. துறை அறிஞர்கள் பலர் சேர்ந்து எழுதியது. இப்படியொரு நூலில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. கெமிஸ்ட்ரிக்கு என்ன தலைப்பு? ‘இரசாயனம்’ என்றால் தொடக்கத்திலேயே வந்துவிடும். ‘வேதியியல்’ என்றால் கடைசிக்குப் போய்விடும். கலைச்சொல்லை முடிவு செய்யாமல் அகர வரிசையில் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. காலமும் காத்திருக்காது. முதல் தொகுதி 1954இல் வந்தபோது விண்வெளியில் மனிதன் ஏவிய செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. 9ஆம் தொகுதி வந்த 1963க்குள் ககாரின் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தார். விட்டுப்போனதையும் புதிதாக வந்ததையும் சேர்க்க 1968இல் 10ஆம் தொகுதி வந்தது. தொடர்ந்து குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகள். இந்த இரண்டையும் இன்று இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தொகுதிக் கணக்கு இல்லை. அதில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கட்டுரையை மட்டுமல்ல. பக்கத்திலேயே இருக்கும் ‘வரலாறு’, ‘உரையாடல்’ பகுதிகளையும் திறந்து காட்ட வேண்டும். எந்த வரியை யார் மாற்றினார், ஏன் ஆட்சேபித்தார், எதைச் சான்றாகக் கொடுத்தார் என்பதெல்லாம் அங்கே தெரியும். தூரனின் மேசையில் நடந்த வாதங்களை நாம் பார்க்க முடியாது. இவற்றைப் பார்க்கலாம்.

பிறகு பிள்ளைகளையே ஒரு கட்டுரை எழுத வைக்கலாம். அம்மி கொத்துபவர் ஒருவரிடம் அனுப்பினால் போதும். எந்த உளி, எவ்வளவு ஆழம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கொத்த வேண்டும், கொத்தியதும் முதலில் எதை அரைத்துக் கல்தூளைப் போக்குவது என்று கேட்டு எழுதி வரட்டும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டித் திருத்தட்டும். திரும்பி வந்ததும் வகுப்பில் சண்டை வரும்: தலைப்பு ‘அம்மி’யா, ‘கல் கொத்துதல்’ஆ? ‘அம்மி’ என்று முடிவானால், ‘கல் கொத்துதல்’ என்று தேடி வருபவருக்கு அந்த எழுத்தில் ஒரு வரி வைக்க வேண்டும். ‘உளி’ என்று தேடுபவருக்கும் ஒரு வரி: உளி – காண்க: அம்மி.