கண்ணாடி அணிந்து ட்ரோன் பறக்கவிட: தொடங்கும் முன் அறிய வேண்டியவை

பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸ் விடுமுறைக்கோ ட்ரோன் கேட்கும் பிள்ளைகள் கிளென் வேவர்லியில் இன்று பலர். அவர்களுள் சிலர் கேட்பது சாதாரண ட்ரோன் அன்று. ட்ரோனின் முகப்பிலுள்ள ஒளிப்படக் கருவி காண்பதைத் தலையில் அணியும் கண்ணாடி வழியாக உடனுக்குடன் கண்டு, அதனுள்ளேயே அமர்ந்திருப்பது போலச் செலுத்தும் 'முதல்நபர் பார்வை' வகையையே அவர்கள் கேட்கின்றனர். எஃப்.பி.வி. என்ற எழுத்துகளால் இது அறியப்படுகிறது. 2018ஆம் ஆண்டு சீனாவின் ஷென்ஜென் நகரில் நடைபெற்ற உலக ட்ரோன் பந்தயப் போட்டியில் வாகை சூடியவர் ரூடி பிரவுனிங் என்னும் ஆஸ்திரேலியர். அப்போது அவருக்கு வயது 15. ஆகவே இதனை வெறும் விளையாட்டுப் பொருள் என்று பெற்றோர் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆயினும் கடையில் பணம் செலுத்துமுன் சட்டத்தை அறிந்துகொள்வது நன்று.

கண்ணாடியும் சட்டமும்

ஆஸ்திரேலியாவில் ட்ரோன்களை ஒழுங்குபடுத்துவது காசா எனப்படும் சிவில் வான்பயணப் பாதுகாப்பு ஆணையம். பறக்கும் ட்ரோனை அதைச் செலுத்துபவர் தம் சொந்தக் கண்களால் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. திரை வழியாகவோ கண்ணாடி வழியாகவோ பார்ப்பது இதில் சேராது. இங்குதான் பலர் தவறுகின்றனர். கண்ணாடி அணிந்த கணத்திலேயே இவ்விதி மீறப்பட்டுவிடுகிறது. எனவே, அருகிலுள்ள மைதானத்திற்குச் சென்று தனியாக எஃப்.பி.வி. பறக்கவிடுவது, அங்கு ஒருவரும் இல்லாத வேளையிலும், அனுமதிக்கப்பட்ட செயல் அன்று.

வழி இல்லாமல் இல்லை. கட்டடத்தின் உள்ளே பறக்கவிடுவது ஒரு வழி. மற்றொன்று, அங்கீகாரம் பெற்ற மாதிரி வானூர்திச் சங்கத்தில் உறுப்பினராகி அதன் விதிகளின்படி பறக்கவிடுவது. எம்.ஏ.ஏ.ஏ. என்னும் தேசியச் சங்கத்துடன் இணைந்த கழகங்கள் விக்டோரியாவில் பல உள்ளன. கண்ணாடி அணிந்தவரின் அருகே நின்று, ட்ரோனையும் சுற்றுப்புற வானையும் வெறுங்கண்ணால் கவனிக்கும் துணைவர் ஒருவர் அங்கு இருப்பார். உறுப்பினர் கட்டணத்தில் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் அடங்கும். பிறர் வாகனத்தின் மீது ட்ரோன் விழுந்தால் யார் பணம் தருவது என்ற கேள்வி எழும்போதுதான் இதன் அருமை புரியும்.

ஏனைய விதிகள் எல்லா வகை ட்ரோன்களுக்கும் பொது. தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. பிறரிடமிருந்து 30 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மக்களின் தலைக்கு மேலே பறக்கவிடலாகாது. பகலில் மட்டுமே பறக்கவிட வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள ட்ரோன்கள், கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையங்களிலிருந்து 5.5 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மொனாஷ் மாநகரின் தென்பகுதியில் வசிப்போர் மூரபின் விமான நிலையத்தை மறந்துவிடலாகாது. காசா சரிபார்த்த கைபேசிச் செயலியில் உங்கள் இடத்தைப் பார்த்தால் ஐயம் நீங்கும்.

ஜெல்ஸ் பூங்கா விசாலமானது. பார்ப்பவர்க்கு ஆசை எழுவதும் இயல்பு. ஆனால் அது பார்க்ஸ் விக்டோரியாவின் பொறுப்பில் உள்ளது. அங்கு அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிட இயலாது. மாநகரசபையின் பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள் குறித்து ஸ்பிரிங்வேல் சாலையிலுள்ள சபை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். தமிழில் பேச விரும்பினால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, சபையுடன் இணைக்குமாறு கேட்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது

முதலில் வாங்க வேண்டியது ட்ரோன் அன்று, கட்டுப்பாட்டுக் கருவி. அதைக் கணினியுடன் இணைத்து, லிஃப்ட்ஆஃப், வெலாசிட்ரோன் போன்ற பாவனைப் பயிற்சி மென்பொருள்களில் பத்து மணி நேரமாவது பழகுங்கள். சாதாரண ட்ரோனில் விசையிலிருந்து கையை எடுத்தால் அது தானே சமநிலைக்கு வரும். எஃப்.பி.வி. ட்ரோனை முழுக் கைமுறையில் செலுத்தும்போது அவ்வாறு நிகழாது. சாய்த்த கோணத்திலேயே அது நிற்கும், மீண்டும் நிமிர்த்துவது உங்கள் வேலை. இதை விரல்கள் பழகும்வரை எவரும் விழுத்தாமல் இருப்பதில்லை. திரையில் விழுந்தால் செலவில்லை.

அடுத்து, உள்ளங்கையில் அடங்கும் சிறு ட்ரோன். சுமார் 65 மில்லிமீட்டர் சட்டகமும், சுழலிகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையமும் கொண்ட இதை வரவேற்பறையிலேயே பறக்கவிடலாம். மெல்பேர்ன் குளிர்காலத்திற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. ஒரு மின்கலத்தில் மூன்று நான்கு நிமிடங்களே பறக்கும் என்பதால் நான்கைந்து மின்கலங்கள் வைத்திருப்பது வழக்கம். ஒப்புமை முறை ஒளிபரப்பிகளுக்கு, அலைவரிசை உரிமம் இல்லாதோர் 25 மில்லிவாட் ஆற்றலைத் தாண்டலாகாது. இணையத்தில் வாங்கும் கருவிகள் பல அதற்கு மேலும் செல்லக்கூடியவை, அமைப்பைச் சரிபாருங்கள்.

மின்கலமே பெரும் ஆபத்து

சுழலி விரலை வெட்டும் என்று அஞ்சும் பெற்றோர், மேசையில் கிடக்கும் மின்கலத்தைக் கவனிப்பதில்லை. லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் 4.2 வோல்ட்டில் நிறைவுறுகிறது. அதற்கு மேல் ஏற்றினாலோ, மோதலில் நசுங்கினாலோ, துளைபட்டாலோ தீப்பற்றக்கூடும். உரிய மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். எரியக்கூடிய பொருள் அருகில் இல்லாத இடத்தில், விழித்திருக்கும் வேளையில் மட்டும் மின்னேற்றுங்கள். இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள். சில நாட்கள் பயன்படுத்தப் போவதில்லை எனில் அறைக்கு ஏறத்தாழ 3.8 வோல்ட்டில் வைத்திருப்பது நலம். உப்பிய மின்கலத்தை மீண்டும் ஏற்றலாகாது. அதைக் குப்பைத் தொட்டியிலோ மறுசுழற்சித் தொட்டியிலோ இடவும் கூடாது. குப்பை வண்டிக்குள் நசுங்கித் தீப்பிடிக்கும். சேதமுற்ற மின்கலத்தை எங்கு ஒப்படைப்பது என்பதைச் சபையிடம் கேட்டறியலாம். தீப்பற்றினால் வீட்டை விட்டு வெளியேறி 000 அழையுங்கள்.

இதைத் தொழிற்கல்வியின் வாசலாகக் காணும் பெற்றோருக்கு ஒரு செய்தி. 2018இல் குயின்ஸ்லாந்தின் டால்பியில் நடந்த ஆளில்லா வானூர்திப் போட்டியில், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்து 'தக்‌ஷா' அணி இரண்டாமிடம் பெற்றது. அவ்வணிக்கு ஆலோசகராக இருந்தவர் நடிகர் அஜித் குமார். அது கண்ணாடி அணிந்து ஓட்டும் பந்தயம் அன்று, மருத்துவ உதவிக்கான தானியங்கிப் பறப்பு. ஆனால் சுழலி, மின்கலம், அலைவரிசை ஆகிய பாடங்கள் இரண்டிற்கும் பொதுவானவை. உங்கள் பிள்ளை எடுக்கும் காணொளியிலிருந்து பணம் ஈட்டத் தொடங்கினால் அது பொழுதுபோக்கு என்ற வரம்பைக் கடந்துவிடும். அப்போது ட்ரோனைக் காசாவிடம் பதிவு செய்வதும், இயக்குநர் சான்று பெறுவதும் அவசியமாகும்.