நீர்க்கடுப்பும் கல்லாப்பெட்டியும்

காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்துக்குத்தான் ஷட்டர் இறங்குகிறது. இடையில் கல்லாவை விட்டு எழுந்தால் வியாபாரம் போய்விடுமே என்று சிறுநீரை அடக்கிக்கொள்கிறோம். அடிக்கடி போக வேண்டி வருமே என்று தண்ணீரையும் குறைத்து, தேநீரிலேயே பொழுதை ஓட்டுகிறோம். நீர்க்கடுப்பு வந்தால் 'உடம்புச் சூடு' என்று சொல்லி, நம் கடை பார்லியையே ஒரு பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

எல்லா நீர்க்கடுப்பும் சூடு அல்ல. பல நேரங்களில் அது கிருமித் தொற்று. குடலில் வாழும் 'ஈ.கோலை' என்ற பாக்டீரியா சிறுநீர்த் துவாரம் வழியாக ஏறிச் சிறுநீர்ப்பையில் பெருகுவதே பெரும்பாலும் காரணம். சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. அடக்கினால், தேங்கிய சரக்கில் வண்டு பிடிப்பது போலத்தான். அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த பெண்கள் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2018-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆண்களுக்குச் சிறுநீர்க்குழாய் சுமார் 20 செ.மீ. நீளம், பெண்களுக்கு 4 செ.மீ.தான். கிருமி ஏறுவது எளிது. ஆகவே நம் கடைகளில் பில் போடும், பொட்டலம் கட்டும் பெண்களுக்கே ஆபத்து அதிகம். கடையில் கழிப்பறை இல்லையென்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருபவர்கள் உண்டு. வாய்விட்டுக் கேட்கவும் கூச்சப்படுவார்கள். பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டுமென 2021-ல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டதும் நாற்காலி வாங்கிப் போட்டோம். கழிப்பறைக்கும் அதே அக்கறை வேண்டாமா? தனியாகக் கட்ட வசதியில்லை என்றால், நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று கட்டிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். சாவியைக் கல்லாவில் வைத்துக்கொண்டு, கேட்டால்தான் தருவது என்ற வழக்கமும் வேண்டாம். வெளியே ஆணியில் மாட்டிவிடுங்கள்.

பெண்கள் மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்வது அவசியம். சிறுமிகளுக்கும் இதைப் பழக்க வேண்டும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு அறிகுறியே இல்லாமலும் தொற்று இருக்கும் என்பதால்தான் சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் நீர் முழுதும் வெளியேறாமல் தங்கும். சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும்விடக் கவனமாக இருக்க வேண்டும்.

எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போதல், அடிவயிற்று வலி, ரத்தம் கலத்தல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். குளிர்காய்ச்சல், விலாவை ஒட்டிய முதுகு வலி, வாந்தி சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். கடையை அடைத்துவிட்டாவது அன்றைக்கே போக வேண்டும். பழைய சீட்டைக் காட்டி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, எரிச்சல் நின்றதும் விட்டுவிட்டால், நோய் மீண்டும் வரும். கிருமிகளும் மருந்துக்குப் பணியாமல் போகும். பார்லித் தண்ணீர், இளநீர் குடிப்பதில் தவறில்லை (விற்கும் நமக்கும் லாபம்தான்!). ஆனால் அவை கிருமியைக் கொல்லா. இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.