நாயுடுபேட்டையில் ஒரு திருப்பம்

சென்னை மீனம்பாக்கத்தையும், விஜயவாடா விமான நிலையம் இருக்கும் கன்னவரத்தையும் வரைபடத்தில் ஒரே கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தை உரசிக்கொண்டு வங்கக் கடலுக்குள் போய்விடும். பெரிய ஜெட் விமானங்களுக்கு இது பொருட்டே இல்லை. ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 அப்படியல்ல. எஞ்சின் நின்றுபோனால் இறங்கக் கீழே ஒரு வயல்வெளியாவது வேண்டும். போதாததற்கு, ராக்கெட் ஏவும் நேரங்களில் அந்த வான்பரப்பையே மூடிவிடுவார்கள். அதைச் சொல்லும் ‘நோட்டாம்’ அறிவிப்பைப் படிக்காமல் எந்த விமானியும் கிளம்பக் கூடாது. ஆகவே கோட்டை மேற்கே வளைக்க வேண்டும்: நாயுடுபேட்டையில் ஒரு திருப்பம், ஓங்கோலில் இன்னொன்று. கூடுவது ஏறத்தாழ 25 கி.மீ.தான். 100 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 100 கடல் மைலில், பத்து நிமிடம்கூட ஆகாது.

மீனம்பாக்கத்திலிருந்து நாயுடுபேட்டை சுமார் 57 கடல் மைல். வடக்கிலிருந்து 16 டிகிரி மேற்கே சாய்ந்த திசை. மூக்கை அந்தத் திசையில் வைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாமா? முடியாது. விமானம் மிதப்பது காற்றில். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இடப்பக்கமிருந்து 15 நாட் காற்று அடிப்பதாக வைத்துக்கொள்வோம். கவனிக்காமல் விட்டால் 34 நிமிடத்தில் 16 கி.மீ. கிழக்கே தள்ளிவிடும். போகிற வழியில் சூலூர்பேட்டையைத் தாண்டிப் பழவேற்காடு ஏரிப் பக்கம் ஒதுங்கிவிடுவோம். கிளம்பும்போதே மூக்கை எட்டரை டிகிரி இடப்பக்கம் திருப்பி வைத்தால் தடம் பிசகாது.

ஆனால் முன்னறிவிப்பில் சொன்ன காற்றேதான் மேலே அடிக்கும் என்று யார் உறுதி தருவது? அதற்கு விமானிகள் கைவசம் ஒரு மனக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால், பிழை ஒரு டிகிரி. சரியான தடத்தில் போனால் கும்மிடிப்பூண்டி வலப்பக்கம் 7 கி.மீ. தள்ளித் தெரியும். நேர் கீழே தெரிகிறதா? 26 மைல் தூரத்தில் கிட்டத்தட்ட 4 மைல் விலகல். பிழை எட்டு, ஒன்பது டிகிரி. பாதி வழி வந்தாயிற்று என்பதால் அதை இரண்டு மடங்காக்கி இடப்பக்கம் திரும்பினால் நாயுடுபேட்டை முன்னால் வந்து நிற்கும்.

இந்த 60 எங்கிருந்து வந்தது? ஒரு வட்டத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்தை அதன் சுற்றில் வில்லாக அளந்தால், அந்த வில் மையத்தில் பிடிக்கும் கோணம் 57.3 டிகிரி. எனவே 57.3 மைலுக்கு அப்பால் ஒரு டிகிரி என்பது ஒரு மைல். மனக்கணக்குக்கு வசதியாக 60 ஆக்கிக்கொண்டார்கள். நாயுடுபேட்டையோ வட்டத்தின் அந்தக் கணிதத் தூரத்திலேயே அமைந்துவிட்டது! பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னை சேர்த்தார். ரேடியோ இல்லாத பஸ் மாத் விமானம். இப்படிப்பட்ட கணக்குகளும் கீழே தெரியும் அடையாளங்களுமே அக்கால விமானிகளுக்கு வழிகாட்டின.

நாயுடுபேட்டையின் அடையாளங்கள் தெளிவானவை. வலப்பக்கம் தொலைவில் ஓடும் கூடூர் ரயில் பாதை மெல்ல நெருங்கி வந்து அங்கே நம்மைச் சேரும். குறுக்கே ஸ்வர்ணமுகி ஆறு. மேற்கே காளஹஸ்திக்குப் பிரியும் சாலை. ஊருக்குச் சற்று முன்னால் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயம். அங்கே கூடு கட்டும் கூழைக்கடாக்கள் வெயில் ஏறியதும் வெப்பக் காற்றில் வட்டமிட்டு மேலேறும். நான்கைந்து கிலோ பறவை கண்ணாடியில் மோதினால் என்னாகும் என்று சொல்லவே வேண்டாம். விடியற்காலையில் கடந்துவிடுவது நல்லது.

ஊர் கீழே வந்ததும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 34 நிமிடத்துக்குப் பதில் 40 ஆகியிருந்தால் எதிர்காற்று, தரைவேகம் 85 நாட்தான். இதே காற்று நீடித்தால் மீதி 172 கடல் மைலுக்கு 18 நிமிடம் கூடுதலாகும். சுமார் 10 லிட்டர் பெட்ரோல். இறங்கும்போது தொட்டியில் குறைந்தது அரை மணி நேரத்துக்காவது இருப்பு வேண்டும். அது குறையும் என்று கணக்கு சொன்னால் ஓங்கோல் பக்கம் திரும்பக் கூடாது. தென்மேற்கே 50 கி.மீ.யில் ரேணிகுண்டா ஓடுபாதை இருக்கிறது.